எஃப்ராயினின் அட்டையும் என்னுடைய பொய் விரதமும்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, மொன்றியலில் ஒரு சிகிச்சை நிலையத்தின் மூன்றாம் மாடியில், ஐம்பது வயது தாண்டிய ஒரு மனிதரின் உச்சந்தலையில் தொடங்கி உள்ளங்கால் வரைக்கும் ஒரு பச்சை முட்டை உருண்டு போகும். உருட்டுகிறவர் டோனா அம்பாரோ என்ற மெக்சிக்கோ நாட்டு அம்மா. உருட்டப்படுகிறவர் எஃப்ராயின், அவரும் அதே நாடு, என்னோடு ஒரே குழுவில் குடியை விட வந்திருப்பவர். மூலிகைப் புகைக்குப் பயந்து அறைக் கதவை நாலு விரல் திறந்துவைப்பார்கள். அந்த நாலு விரல் இடைவெளியில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பவன் நான். இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடத்தில் பார்த்து ஆச்சரியப்பட வேண்டியதெல்லாம் பார்த்து முடித்தாயிற்று. நாய்க்குச் சப்பாத்துப் போடுவதையும் பார்த்தேன், உறைந்த ஆற்றில் துளை போட்டுக் கதிரையில் குந்தியிருந்து மீன் பிடிப்பதையும் பார்த்தேன். ஆனால் ஒரு கோழிமுட்டையைப் பார்த்து வயிறெரிவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள், இவன் ஏன் அங்கே போய் நின்றான் என்று கேட்பீர்கள். குற்றப்பத்திரிகையை நானே வாசித்துவிடுகிறேன். டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில் எனக்கு வேலை. முதலில் வேலை முடிந்து நண்பர்களோடு குடித்தேன். பிறகு நண்பர்கள் இல்லாமல் குடித்தேன். பிறகு வேலை முடியும்வரை பொறுக்காமல் குடித்தேன். ஒரு மாலை என் மகள் அபியைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றிக்கொண்டு பியர்பொன்ட்ஸில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தேன். கராஜ் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்தேன். திறந்திருக்கவில்லை. அபிக்கு ஒரு கீறலும் இல்லை. அழவும் இல்லை. பெல்ட்டைக் கழற்றி, பையை எடுத்துக்கொண்டு, காருக்கும் நொறுங்கிய கதவுக்கும் நடுவிலிருந்த ஒடுக்கத்தால் நடந்து வீட்டுக்குள் போனாள். ஒன்பது வயது. இந்தச் சம்பவத்தைப் பகிடியாகச் சொல்ல நாலைந்து விதமாக முயன்றுவிட்டேன். ஒரு விதத்திலும் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே என் மனைவி கலா என் உடுப்புகளை ஒரு சூட்கேஸில் மடித்து வைத்தாள். எறியவில்லை, மடித்து வைத்தாள். அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

“வைத்தியத்துக்குப் போங்கோ. ஒரு சொட்டும் இல்லாமல் இருங்கோ. அதுமட்டும் இஞ்ச வரவேண்டாம். பேந்து கதைப்பம்” என்றாள்.

‘பிறகு’ என்பதற்குச் சொல்கிற யாழ்ப்பாணத்துப் ‘பேந்து’ எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குக் கலண்டரில் தேதி கிடையாது. நான் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு அறை எடுத்தேன். கேட்கிற சனத்துக்கெல்லாம் கலா, “அவருக்கு இப்ப நைட் ஷிஃப்ட், தூரம் எண்டு அங்கால தங்கிறார்” என்று சொல்லிவைத்தாள். நிறுத்திவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை என்றுதான் அந்த முட்டையைப் பார்க்கும்வரை நினைத்திருந்தேன்.

எங்கள் குழுவில் ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் ஐந்து பேர். இவர்கள் மாதிரி ஆட்கள் முன்பெல்லாம் இரண்டு கிழமை வந்துவிட்டு நின்றுவிடுவார்களாம். அதனால் நிலையத்தார் யோசித்து, அவர்கள் நம்புகிற வைத்தியத்தையும் உள்ளே கொண்டுவந்தார்கள். நான் மருத்துவத்தைத் தள்ளிவிட்டு மந்திரம் என்று எழுதவில்லை. தாதி முதலில் இரத்த அழுத்தம் பார்ப்பார். டோனா அம்பாரோ கேட்கிற முதற்கேள்வி, “இன்றைய மாத்திரை விழுங்கியாயிற்றா?” இல்லை என்றால் முட்டை பெட்டிக்குள் திரும்பப் போய்விடும். ஓம் என்றால்தான் காட்டமான வாசமுள்ள ஒரு இலைக்கொத்தால் தோளிலும் முதுகிலும் தட்டுவார், வாய்க்குள் ஏதோ சொல்வார், முட்டையை உருட்டுவார். பிறகு அதைத் தண்ணீர்க் கிளாஸில் உடைத்து ஊற்றி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, எக்ஸ்ரே பார்க்கிற டொக்டர் மாதிரிப் பார்ப்பார்.

குழுவில் ஆறு கிழமையாக வாயே திறக்காதவர் எஃப்ராயின். முட்டைக்குப் பிறகு அவர் பேசினார். தம்பி செத்தபோது தான் ஊருக்குப் போகவில்லை என்றும், அது கிளாஸுக்குள் தெரிந்தது என்றும் சொல்லி அழுதார். மற்ற நாலு பேரும் எழுந்துபோய் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். குழுவை நடத்தும் மெலனி என்ற பெண் மூக்கைச் சிந்தினாள். நான் அங்கே போன முதல்நாளே பேசத் தொடங்கியவன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கவும் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்கவும் போதுமான பிரெஞ்சு. அதை வைத்துக்கொண்டே ஆறு கிழமையாக எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறேன். ஒருவர் கண்ணிலும் ஒரு துளி வரவில்லை. என்னுடைய கோப்பில் மெலனி ‘நகைச்சுவை உணர்வு உண்டு’ என்று எழுதியிருந்ததைத் தலைகீழாக வாசித்தேன். ஆறு கிழமைக்கு அவ்வளவுதான்.

பொறுக்க முடியாமல் மெலனியிடம் போய்க் கேட்டேன். “இவர்களுக்கு இது இருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் இல்லையா?”

மெலனி மிகவும் சந்தோஷப்பட்டாள். உங்கள் ஆட்களிடம் என்ன வழக்கம் என்று கேட்டு, பேனையைத் திறந்தாள். திருஷ்டி போக நாவூறு கழிப்பதை விளக்கத் தொடங்கினேன். செத்தல்மிளகாய், உப்பு, கடுகு, தலையை மூன்று முறை சுற்றுவது, நெருப்பில் போடுவது. பெயர்ச்சொற்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. வினைச்சொற்கள் ஒன்றும் வரவில்லை. மிளகாய், உப்பு, கடுகு, தலை, நெருப்பு. அவள் ஒவ்வொன்றாக எழுதி முடித்துவிட்டு, வீட்டுச் சமையல் இல்லாதது உங்களுக்குக் கவலையாக இருக்கிறதா என்று பரிவோடு கேட்டாள். ஓம் என்றேன், அதுவும் உண்மைதானே. அடுத்த கிழமை எனக்கென்று ஊதா நிறத்தில் ஒரு யோகா பாய் வந்து சேர்ந்தது. ஊரில் நான் பாயை விரித்தது படுக்க மட்டும்தான். இங்கேயும் அதையே செய்தேன். எழும்பியபோது தாதி அழுத்தம் பார்த்துவிட்டு, யோகா உங்களுக்கு நன்றாக வேலை செய்கிறது என்றார். பக்கத்து அறையில் முட்டை உடைகிற சத்தம் கேட்டது.

முட்டையைக்கூட மன்னித்திருப்பேன். அட்டையைத்தான் மன்னிக்க முடியவில்லை. எஃப்ராயினின் சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சின்ன அட்டை இருந்தது. ஒரு பக்கம் அவர்களுடைய மாதாவின் படம். மறுபக்கம் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை குடிக்கமாட்டேன் என்று மாதாவின் முன்னால் செய்த சத்தியம், கீழே கையெழுத்து. அவர்கள் நாட்டில் இது பழைய வழக்கமாம். ஞாயிற்றுக்கிழமை அவர் பந்து விளையாடப் போகிற மைதானத்தில் ஆட்டம் முடிய பியர்ப் பெட்டி திறப்பார்கள். இவர் அட்டையைக் காட்டுவார்.

“பிறகு?” என்று கேட்டேன்.

“பிறகு கோலா தருவார்கள்.”

“ஏன், என்ன வருத்தம், டொக்டர் சொன்னாரா, ஒன்றும் கேட்கமாட்டார்களா?”

“எதற்குக் கேட்க வேண்டும்? சத்தியம் செய்திருக்கிறேன் அல்லவா?”

அன்றிரவு முழுக்க எனக்கு அந்த அட்டைதான். கலா டெலிபோன் எடுக்கிற நாட்களில் அவளிடமும் அதையே புலம்பினேன். எங்கள் சபையில் குடிக்கமாட்டேன் என்று சொல்கிற ஒருவன் என்ன பாடுபடுவான் என்று நினைத்துப்பாருங்கள். அவனுக்குச் சீனி வியாதி இருக்க வேண்டும், அல்லது மனைவிக்குப் பயம் இருக்க வேண்டும், அல்லது அவன் பெரிய ஆளாகிவிட்டான். மூன்றுக்கும் மருந்து அந்தக் கப்புக்குள்தான் இருக்கிறது என்று கையில் திணிப்பார்கள்.

அப்போதுதான் என் சித்தப்பா நினைவுக்கு வந்தார். சித்தப்பா கொடிகாமத்தில் லொறி ஓட்டியவர். வருடத்தில் முந்நூற்றைம்பத்தொன்பது நாளும் கள்ளுத் தவறணையில் அவருக்கென்று ஒரு மூலை இருந்தது. கந்தசஷ்டி ஆறு நாளும் மணிக்கட்டில் காப்பு நூல் கட்டியிருப்பார். ஒரு வருடம் மூன்றாம் நாள் பழக்கத்தில் கால் தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. கள்ளு வார்க்கிறவர் நூலைக் கண்டுவிட்டு, “அண்ணை, விரதக்காரன் இஞ்ச என்ன செய்யிறியள்? வீட்டை போங்கோ” என்று கள்ளு முட்டியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தாராம். வியாபாரம் செய்கிறவரே விற்க மறுத்தார். ஏழாம் நாள் விடிய சித்தப்பா திரும்ப மூலைக்குப் போய்விட்டார் என்பது வேறு கதை. ஆனால் அந்த ஆறு நாள் அவர் ஒரு அட்டை வைத்திருந்தார். எங்களிடமும் இருந்திருக்கிறது. நாங்கள்தான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மெலனிக்கு மிளகாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை நேரே ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். வியாழன் தவிர்ந்த நாட்களில் டோனா அம்பாரோ அங்கே ஒரு கடையில் மூலிகைக்கட்டு விற்பார். பூசணிக்காயும் தக்காளிக் கூடையும் குவிந்துகிடக்கிற புரட்டாதி மாதம். வரிசையில் நின்று என் முறை வந்ததும், எனக்கும் ஒரு அட்டை வேண்டும் என்றேன்.

“எங்கள் மாதாவுக்கு உன்னைத் தெரியாதே” என்றார், கொத்தமல்லியைக் கட்டிக்கொண்டே. “நீ யாருக்குப் பயம்?”

யோசிக்காமல், “மனைவிக்கு” என்றேன்.

அவர் அடுத்த கடைக்காரிக்கு அதை ஸ்பானிய மொழியில் சொன்னார். இருவரும் கண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். “அப்படியென்றால் அட்டையில் அவளின் படத்தைப் போடு. புதினா ஒரு கட்டு எடு, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.”

புதினாவோடு திரும்பி வந்தேன். கடைசியில் நான்கூட ஒரு மெக்சிக்கோக்காரியைக் கண்ணீர் விடவைத்துவிட்டேன் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனி எங்கள் ஊர்க்காரர் குகன் அண்ணையின் ஐம்பதாவது பிறந்தநாள். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்ற கேள்வி கலாவிடம் போகும். அதனால் போனேன். இங்கே எங்கள் விழாக்களுக்கு இரண்டு மண்டபம் உண்டு. உள்ளே வெளிச்சமும் கேக்கும் பெண்களும் இருக்கிற மண்டபம் ஒன்று. கார்கள் நிற்கிற இடத்தில், யாரோ ஒருவரின் டிக்கி மூடிக்குக் கீழே, ஆண்களுக்கு மற்றது. பஸ்ஸால் இறங்கி வந்த என்னை இரண்டாவது மண்டபம்தான் முதலில் கண்டது. அங்கே தலைமை வகித்தவன் சிவம். முன்பு என்னோடு அதே சமையற்கூடத்தில் வேலை செய்தவன், நான் குடிக்கப் பழகிய காலத்துத் தோழன்.

“வாடா மாப்பிள்ளை, ஆளைக் காணக் கிடைக்கேல்லை. நைட் ஷிஃப்டில வௌவாலாப் போனியே?” என்று கப்பை நீட்டினான்.

“எனக்கு வேண்டாம் மச்சான்.”

“என்ன, சுகரோ?”

“இல்லை.”

“பிறஷரோ? பிறஷருக்குத்தான்ரா இது நல்லது. எங்கட டொக்டரும் இதைத்தான் அடிக்கிறார்.”

கப் என் மூக்குக்குக் கீழே வந்துவிட்டது. அந்த மணம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. வாயிலிருந்து தானாக வந்தது: “எனக்கு விரதம்.”

நம்பமாட்டீர்கள், கப் பின்னால் போனது. “ஓ, புரட்டாதிச் சனி, சனீஸ்வரன் விரதம் என்ன. சொறி மச்சான், முதலே சொல்லியிருக்கலாமே” என்றான் சிவம். ஒருவர் போத்தலைப் பின்னால் மறைத்தார். இன்னொருவர் சிகரெட்டைக் காலால் மிதித்து அணைத்தார். எனக்கென்று தேடி ஒரு இஞ்சிச் சோடா எடுத்துத் தந்தார்கள். எஃப்ராயினுக்கு மாதாவும் பிளாஸ்டிக் உறையும் தேவைப்பட்டது. எனக்கு ஒரு சொல் போதும். அந்தச் சோடாவைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே போன நடையை எஃப்ராயின் பார்த்திருக்க வேண்டும்.

வெற்றி வந்தால் எனக்குப் பசிக்கும். வாசலுக்குப் பக்கத்து மேசையில் ரோல்ஸ் அடுக்கியிருந்தது. ஒன்றை எடுத்துப் பாதியைக் கடித்துவிட்டேன். தோளுக்குப் பின்னால் சிவத்தின் குரல் மிக மரியாதையாகக் கேட்டது.

“மச்சான், அது மரக்கறி ரோல்ஸோ?”

வாய் நிறைய ரோல்ஸ் இருந்தது. அவன் என் கையிலிருந்த மிச்சப் பாதியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

“மட்டன். எலும்பும் கிடக்கு. டேய், இஞ்ச ஓடியாங்கோடா, சனீஸ்வரனுக்கு ஒருத்தன் மட்டன் படைக்கிறான்.”

டிக்கி மண்டபம் முழுக்க உள்ளே வந்துவிட்டது. தங்களை ஏமாற்றிவிட்டேன் என்ற கோபமும் அதைவிடப் பெரிய சந்தோஷமும். சிவம் கப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தான். “இப்ப விரதம் முறிஞ்சுது தானே. இனியென்ன, பிடி.” விரல்கள் கப்பைச் சுற்றி மூடிக்கொண்டன. மூன்று மேசைக்கு அப்பால் கலா இருந்தாள், பக்கத்தில் அபி. கலா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்தால் வீடு இல்லை. உண்மையைச் சொன்னால் அவள் இரண்டு மாதமாகக் காப்பாற்றி வந்த நைட் ஷிஃப்ட் இந்த மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் உடையும். அப்போதும் வீடு இல்லை.

ஒரு பகிடி தேடினேன். வாழ்க்கையில் முதற்தடவையாக ஒன்றும் கிடைக்கவில்லை.

“சிவம், எனக்கு நைட் ஷிஃப்ட் ஒண்டும் இல்லை. கலா என்னை வீட்டை விட்டு எழுப்பி ரெண்டு மாசம். பார்க் எக்ஸ்டென்ஷனில ஒரு அறையில இருக்கிறன். குடியை விடுறதுக்கு ஒரு இடத்துக்குப் போறன், மாத்திரை போடுறன். இதைக் குடிச்சா நான் வீட்டை போகேலாது.”

ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கவில்லை. ஆதலால் எல்லோருக்கும் கேட்டது. சிவம் கப்பை என்னிடமிருந்து மெதுவாக வாங்கினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, பழக்கத்தில் தானே குடித்துவிட்டான். பிறகு தாழ்ந்த குரலில், “ரோல்ஸை முடி மச்சான்” என்றான்.

கோட்டுகள் தொங்குகிற இடத்தில் கலா என்னைப் பிடித்தாள். “எத்தினை பேருக்கு எத்தினை பொய் சொல்லி வச்சனான். இனி நான் சனத்துக்கு என்னத்தைச் சொல்லுறது?”

“உண்மையை…”

“அதைத்தான் நீங்கள் மைக் இல்லாமலே சொல்லிப்போட்டியளே.” அபிக்குக் கோட்டுப் போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கார் வெளிச்சம் திரும்பி மறையும்வரை நின்றுவிட்டு, நான் பஸ்ஸுக்கு நடந்தேன். குடிக்கவில்லை என்ற பெருமை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எஃப்ராயினின் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்கு வந்து கை தட்டுவாளாம் என்பதுதான் ஞாபகம் வந்தது.

மூன்று கிழமை கழித்து, குடும்பத்தாரை அழைத்துப் பேசுகிற நாள் வந்தது. மெலனி கலாவுக்குக் கடிதம் அனுப்பியிருந்தாள். வரமாட்டாள் என்று மெலனிக்கு நான் முன்கூட்டியே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. கலா வந்தாள், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கலா ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள். அவளுடைய பிரெஞ்சில் வினைச்சொற்களும் உண்டு. இருவரும் பத்து நிமிடம் பேசிச் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பின் மேலும் பொறாமை.

பிறகு என் பக்கம் திரும்பினாள். “டெலிபோனில உங்கட சினேகிதன்ர அட்டையைப் பற்றிக் கேட்டுக் கேட்டு என்ர காது புளிச்சுப் போச்சு. கையை நீட்டுங்கோ.”

பையிலிருந்து கடதாசியில் மடித்த விபூதிச் சரையும் மஞ்சள் பூசிய நூலும் வெளியே வந்தன. “இண்டைக்குக் கந்தசஷ்டி தொடக்கம். ஐயரிட்டக் குடுத்துப் பூசையில வைச்சு எடுத்தனான். ஆறு நாளும் வீட்டை நிக்கலாம். மாத்திரையும் போடவேணும். சூரன்போர் முடிய, ஏழாம் நாள் பேந்து கதைப்பம்.”

வாழ்க்கையில் முதற்தடவையாகப் பேந்துக்கு ஒரு தேதி கிடைத்தது. அவள் மூன்று முடிச்சுப் போட்டாள். எனக்குப் பழைய ஒரு முகூர்த்தம் ஞாபகம் வந்தது. தாதி வந்து மாத்திரைக்குத் தோதாகக் காலையில் பாலும் பழமும், பகல் ஒரு நேரம் சோறும் என்று கலாவோடு பேசி ஒழுங்குபடுத்தினார். மெலனி இதைக் கோப்பில் எப்படி எழுதுவது என்று கேட்டாள். கலா நீளமாக ஏதோ சொன்னாள். மெலனி எழுதி முடித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். என்ன சொன்னாய் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டேன், இன்னும் சொல்லவில்லை. நடைக்கூடத்தில் எஃப்ராயின் என் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்து, அட்டையைச் சட்டையோடு மறந்துபோகலாம், இதை எங்கே மறப்பது என்றார். அவர் குரலில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு புளிப்பு இருந்தது. அந்த ஒரு நிமிடத்தை நான் அவசரப்படாமல் அனுபவித்தேன்.

இன்று ஐந்தாம் நாள். பியர்பொன்ட்ஸில் இருந்துதான் இதை எழுதுகிறேன். சூட்கேஸ் இன்னும் படுக்கையறைக்குப் போகவில்லை, வாசலில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பார்க் எக்ஸ்டென்ஷன் அறையில் என் பல்துலக்கி இருக்கிறது. இங்கே புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள், விருந்தாளிக்கு வைப்பதுபோல உறையோடு.

முதல்நாள் அபி என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் நூலைப் பார்த்தாள். கோடையில் அவள் போன நீச்சல் குளத்தில் கையில் ஒரு கடதாசிப் பட்டி ஒட்டுவார்களாம். தண்ணீரில் ஊறி அது அறுந்தால், வெளியே போய் பெஞ்சில் இருக்கச் சொல்வார்களாம். எத்தனை நாளைக்கு என்று பிரெஞ்சில் கேட்டாள், விரலால் காட்டினேன். முடிச்சை ஒருதரம் அமத்திப் பார்த்துவிட்டு, என்னோடு எப்போதும் பிரெஞ்சில் கதைக்கிறவள் தமிழில் சொன்னாள்: “நனைக்காதேங்கோ. அறுந்தா நீங்கள் போகவேணும்.”

“நனைஞ்சா ஒண்டும் ஆகாது, விரதக்காரன் விடியத் தலைக்குத் தோயவேணும்” என்று கலா குசினிக்குள் இருந்து சொன்னாள். இரண்டு பேரும் இந்த வீட்டுக்காரர்கள். இரண்டு சட்டத்துக்கும் நான் கட்டுப்பட வேண்டும்.

ஆகவே தினமும் விடிய, ஷவர் திரைக்கு உள்ளே சுடுதண்ணீரில் நான் நிற்கிறேன், வலது கையைத் தவிர. அது திரைக்கு வெளியே, குளிரில், மயிர் சிலிர்த்துக்கொண்டு நீட்டியபடி நிற்கிறது. இடது கையால் மட்டும் தலையில் சவர்க்காரம் போடுகிறேன். இன்று காலை கதவு கொஞ்சம் திறந்தது. “காட்டுங்கோ” என்றாள் அபி. கையைத் திருப்பிக் காட்டினேன். சின்ன விரல் ஒன்று முடிச்சைத் தொட்டுப் பார்த்தது. “காய்ஞ்சுதான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடப் போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. குளிர் உள்ளே வந்தது. கையை உள்ளே இழுக்கவும் பயம், உடம்பை வெளியே எடுக்கவும் மனமில்லை. சுடுதண்ணீர் முடியும்வரை அப்படியே நின்றேன்.